பழைய இரும்புக் கடையில் வாங்கிய நேவி திசைகாட்டி: அசலா, ஏமாந்தேனா?

உப்புவெளிப் பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமையானால் பழைய இரும்புக் கடைகளைக் கிளறுவது என் வியாதி. வெளிநாட்டில் வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்பார்களாம். திருகோணமலையில் அது எங்கே? யாராவது வீட்டை விற்றுவிட்டுக் கனடா போனால்தான் அலுமாரி அடியில் கிடந்ததெல்லாம் வெளியே வரும். அதுவும் முதலில் இரும்புக் கடைக்குத்தான் போகும்.

போன கிழமை ஒரு கடையில் உள்ளங்கை அளவு மரப்பெட்டி ஒன்று அகப்பட்டது. உள்ளே பித்தளைத் திசைகாட்டி. மேலே ‘ஸ்டான்லி லண்டன் 1885’ என்று வெட்டியிருக்கிறது. மூடியின் உட்பக்கம் பொடி எழுத்தில் ஒரு ஆங்கிலக் கவிதை, காட்டுக்குள் பாதை இரண்டாகப் பிரிகிறதைப் பற்றி. “வெள்ளைக்காரன் டொக்யார்ட்டை விட்டுப் போகேக்க விட்டுட்டுப் போனது தம்பி” என்றார் முதலாளி. 9,000 சொன்னார், 6,500க்கு முடித்தேன். நான் முகத்தைச் சுருக்கினதைப் பார்த்து, வாளிக்குள் கிடந்த ஒரு கறுத்த கரண்டியையும் சும்மா கொண்டு போ என்று தந்தார்.

இப்போது கேள்வி. இது அசல்தானா? இன்னொன்று, புளி போட்டுத் தேய்க்கலாமா? உண்மையைச் சொன்னால் மூடியில் பாதியைத் தேய்த்துவிட்டேன். ஒரு பக்கம் கோயில் குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது, மற்றப் பக்கம் கறுப்பு.

உவர்மலைப் பென்சன்காரர்:

தம்பி, மனம் நோகாதே. அந்தக் கவிதை ரொபர்ட் ஃப்ரொஸ்ட் எழுதியது. 1915இல்தான் முதன்முதலாக அச்சில் வந்தது. 1885இல் பெட்டி செய்தவனுக்கு அது 30 வருடம் முந்தியே எப்படிக் கிடைத்தது?

இந்த மாதிரிப் பித்தளைச் சாமான்களை வட இந்தியாவில் முராதாபாத், ரூர்க்கிப் பக்கம் செய்கிறார்கள். அலங்காரச் சாமான், அதில் ஒரு பிழையும் இல்லை. கைமாறி கைமாறி வரும்போதுதான் அதற்குக் கதை முளைக்கிறது. பிரித்தானியக் கடற்படை 1957இல் இங்கே டொக்யார்ட்டில் இருந்த தன் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது. அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் கதவு ஆணியைக்கூட விற்கலாம்.

பிரித்தானிய அரசாங்கச் சாமான் என்றால் பெரும்பாலும் ஒரு அம்புக்குறி குத்தியிருக்கும். மூன்று கோடு, பார்த்தால் காகத்தின் கால் தடம் மாதிரி. அது ‘சி’ எழுத்துக்குள் இருந்தால் கனடாப் படையினுடையது. இரண்டு பக்கமும் ‘டி’ இருந்தால் அவுஸ்திரேலியா. அந்த அம்பையும் போலியாகக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சும்மா கொடுக்கிற கரண்டியில் எவனும் மினக்கெட்டுக் குத்தமாட்டான். அந்தக் கரண்டியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய். அதன் காம்பைத் திருப்பிப் பார்த்தாயா?

உப்புவெளிப் பொடியன்:

அண்ணை, 6,500 ரூபாயை நினைத்து அரை மணித்தியாலம் பேசாமல் இருந்தேன். பிறகு கரண்டியைத் தேடினால் காணவில்லை. குசினியில் அம்மா அதைப் பால்மா டின் மூடியை நெம்ப வைத்திருக்கிறா! கழுவி வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தேன். தேய்ந்துபோன ஒரு கொம்பனிப் பெயர், அதற்குக் கீழே ‘என்.எஸ்.’, பிறகு 1941. அதற்குப் பக்கத்தில், சத்தியமாக, காகத்தின் கால்.

கிண்ணியா ஆசிரியை:

‘என்.எஸ்.’ என்றால் நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம்.

தம்பி, புளியைக் கிட்டக் கொண்டு போகாதீர்கள். புளிப்பு அந்தக் கறுப்போடு நிற்காது, உலோகத்தையும் அரிக்கும், தேய்க்கத் தேய்க்க எழுத்தும் மழுங்கும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி உடனே துடைத்து வைத்தால் போதும். உப்புக் காற்று ஊர், ஈரத்தோடு வைக்கக் கூடாது. நான் சின்ன வயதில் உம்மாவின் மரம் போட்ட ஒரு சதக் காசுகளைப் புளியால் தேய்த்துப் பவுன் மாதிரி ஆக்கினேன். பிறகு நாணயம் சேர்க்கிற ஒருவரிடம் காட்டினேன். கையில் எடுத்துப் பார்க்கவே இல்லை, மனுசன்.

வருடம் போடாத சாமானுக்கும் வழி இருக்கிறது. வாப்பாவின் அரிக்கன் லாம்பின் அடியில் ‘வெஸ்டேர்ன் ஜேர்மனி’ என்று இருக்கிறது. அப்படியொரு நாடு இருந்தது 1949க்கும் 1990க்கும் இடையில்தான். எங்கள் நாட்டுத் தகர டின்னில் ‘சிலோன்’ என்று இருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது. தேயிலை டின்னை மட்டும் நம்ப வேண்டாம், அதில் இன்றைக்கும் சிலோன்தான்.

உவர்மலைப் பென்சன்காரர்:

ஆசிரியை சொன்னது சரி. தம்பிக்கு இன்னும் இரண்டு விசயம். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டபோது இந்தக் கரண்டி இங்கே சாப்பாட்டு மேசையில் இருந்தது என்று எழுதிவிடாதே. 1941 என்பது அதைச் செய்த வருடம். எப்போது கப்பல் ஏறியது என்று கரண்டி சொல்லாது. நீயும் அந்த முதலாளி மாதிரி ஆகிவிடுவாய்.

மற்றது, இரும்புக் கடையில் ஷெல் கோது, தோட்டா மாதிரி எதைக் கண்டாலும் கை வைக்காதே. வெடித்ததா வெடிக்காததா என்று பார்த்துச் சொல்ல உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உப்புவெளிப் பொடியன்:

சரி அண்ணை. அம்மா லேசில் தரவில்லை. “அப்ப டின்னை என்னத்தால திறக்கிறது?” என்றா. 150 ரூபாய்க்கு ஒரு புதுக் கரண்டி வாங்கிக் கொடுத்துத்தான் மாற்றிக்கொண்டேன். திசைகாட்டி பாதி மினுக்கத்தோடு மேசையில் கிடக்கிறது. நிலாவெளிப் பக்கத்தைச் சரியாகத்தான் காட்டுகிறது.

அந்த வாளியில் இன்னும் பத்துப் பதினைந்து கரண்டி கிடந்தது. ஞாயிறு காலை போகிறேன். எந்தக் கடை என்று ஒருவரும் கேட்கவேண்டாம்.