மாற்றம் மேல் மாற்றம் வரும்போது ஆண்டவரை நம்புவது: தினமும் என்ன செய்வது?

மாலைமணி கேட்டது:

எல்லாருக்கும் மரியே வாழ்க. எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் குழு) இந்த ஆண்டு வேலை மாறியவர்கள், கல்யாணமாகி வேறு ஊர் போனவர்கள், பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தனியாக இருப்பவர்கள் என்று பலர் இருக்கிறார்கள். "முன்பெல்லாம் செபத்தில் உட்கார்ந்தால் மனம் ஒட்டும், இப்போது ஒட்டவில்லை, எடுத்த முடிவே தப்போ?" என்று கேட்கிறார்கள். "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வழியில் தியானம் கொடுப்பவர்கள் சொல்லுங்கள். செபத்தில் மனம் ஒட்டாத இந்த வறட்சியில் இருக்கும்போது முடிவை மாற்றலாமா? தினமும் செய்ய என்ன பயிற்சி, எவ்வளவு நேரம்? விவிலியத்தில் எந்தப் பகுதியைக் கொடுக்கலாம்?

சிற்றாலயம்:

முதல் கேள்விக்குப் பதில்: மாற்றக் கூடாது. இஞ்ஞாசியார் எழுதிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலில் 318-ஆம் எண் பத்தி இதைத்தான் சொல்கிறது. ஆறுதல் நிலையில், அதாவது நம்பிக்கையும் அன்பும் கூடித் தெளிந்த மனதோடு எடுத்த தீர்மானத்தை வெறுமை நிலையில், அதாவது வறட்சியில், தொடாதே. ஆறுதலில் நல்ல ஆவி வழிகாட்டுகிறது. வெறுமையில் யோசனை சொல்வது பெரும்பாலும் எதிரியான தீய ஆவி. அந்த யோசனையைக் கேட்டு நடந்தால் சரியான பாதை பிடிபடாது என்கிறார். இது அவர் உட்கார்ந்து யோசித்து எழுதிய கோட்பாடு அல்ல. 1521-இல் ஸ்பெயினில் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டு, கால் உடைந்து படுத்திருந்தபோது கண்டுகொண்டது. வீரப் பெருமை பற்றிய கனவு அந்த நேரத்துக்கு இனித்தாலும் பிறகு மனதை வறட்டியது. புனிதர்களைப் போல வாழ வேண்டும் என்ற நினைப்போ போன பிறகும் மகிழ்ச்சியை விட்டுச் சென்றது.

அடுத்த எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முடிவை மாற்றாதே, ஆனால் உன்னை மாற்றிக்கொள் என்கிறது 319. செபத்தையும் ஆன்மச் சோதனையையும் (அன்றைய நாளை ஆண்டவர் முன் திரும்பிப் பார்ப்பது) கூட்டவேண்டும், அளவான ஒறுத்தலும் (தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது) வேண்டும். ஒரு மணி நேரச் செபம் என்றால் வறட்சியில் அந்த மணியைத் தாண்டிச் சற்றுக் கூடுதலாக இருக்கச் சொல்கிறார். குடும்பஸ்தருக்கு இருபது நிமிடம் என்றால் இருபத்திரண்டு போதும். ஒரேயடியாக நாற்பதாக்கினால் நான்கு நாளில் விட்டுவிடுவார்கள், பிறகு குற்ற உணர்வு வேறு.

வறட்சிக்கு 322-இல் மூன்று காரணங்கள் சொல்கிறார்: நம் அசட்டை, ஆறுதல் இல்லாமலும் எவ்வளவு தூரம் நிற்கிறோம் என்ற சோதனை, ஆறுதல் நாம் சம்பாதித்ததல்ல, கொடை என்று உணர்த்துவது. நம் மக்கள் உடனே முதல் காரணத்தைப் பிடித்துக்கொண்டு தங்களையே நொந்துகொள்கிறார்கள். கடந்த இரண்டு வாரச் செபம் எப்படி நடந்தது என்று மட்டும் கேளுங்கள். நேரம் தவறியிருந்தால் திருத்தட்டும். தவறாமல் உட்கார்ந்திருந்தால் தோண்டித் துருவ விடாதீர்கள்.

இந்த விதி அமைதியில் எடுத்த முடிவைத்தான் காக்கிறது. கோபத்திலோ பயத்திலோ எடுத்ததற்கு இது கேடயம் ஆகாது. வீட்டில் அடி உதை வாங்குகிறவரிடம் "வறட்சியில் முடிவெடுக்காதே" என்று சொல்லவே கூடாது. அவர் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும்.

மெழுகுதிரி:

தினப் பயிற்சிக்கு ஆன்மச் சோதனையே போதும். இஞ்ஞாசியார் மதியமும் இரவும் கேட்கிறார். வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவில் பதினைந்து நிமிடம் கொடுங்கள். வரிசை முக்கியம்: முதலில் நன்றி, அடுத்து ஒளி கேட்பது, பிறகு எழுந்தது முதல் மணி மணியாக நாளைப் பார்ப்பது, மன்னிப்பு, கடைசியாக நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம். நன்றியை "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று முடித்துவிடக் கூடாது. புது அலுவலகத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், பேருந்தில் இடம் விட்டவர் என்று பெயரும் நேரமும் இருக்கவேண்டும். மாற்றக் காலத்தில் ஆண்டவர் கூடவே இருப்பது இந்தச் சின்ன விவரங்களில்தான் தெரியவரும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், ஒளி கேட்பதை விட்டுவிட்டு நேராகப் பாவப் பட்டியலுக்குப் போவார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்வது போல ஆகிவிடும். படுக்கையில் படுத்துக்கொண்டு செய்தால் மூன்றாவது படியிலேயே தூக்கம். நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள், கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

முடித்ததும் நோட்டில் இரண்டு வரி: இன்று எது என்னை ஆண்டவர் பக்கம் இழுத்தது, எது தள்ளியது. அன்றன்று அர்த்தம் தேட வேண்டாம், ஏழாம் நாள் மொத்தமாகப் படிக்கட்டும். ஆறுதல் என்றால் சந்தோஷம் என்று எழுதிவிடுகிறார்கள். பாவத்துக்காகவோ ஆண்டவரின் பாடுகளுக்காகவோ வரும் கண்ணீரையும் இஞ்ஞாசியார் ஆறுதலில்தான் சேர்க்கிறார். நம்பிக்கையும் அன்பும் கூடினால் அது ஆறுதல்.

வைகைக்கரை:

விவிலியத்துக்கு எண்ணிக்கை 9:15-23 கொடுங்கள். பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள், ஆண்டவரின் கூடாரத்தின் மேலிருந்த மேகம் எழும்பினால் புறப்பட்டார்கள். அது இரண்டு நாளோ ஒரு மாதமோ அதற்கும் மேலோ தங்கினால் பாளையத்திலேயே இருந்தார்கள். நகராமல் இருப்பதும் கீழ்ப்படிதல்தான் என்பது அடுத்தது என்ன என்று துடிப்பவர்களுக்கு ஆழமாக இறங்கும். விடுதலைப் பயணம் 16-ம் நல்லது. வானிலிருந்து ஆண்டவர் தந்த உணவான மன்னா ஆளுக்கு ஓர் ஓமர், ஏறத்தாழ இரண்டு லிட்டர். மறுநாளைக்கு மீத்து வைத்தது புழுத்தது. ஓய்வுநாளுக்காக ஆறாம் நாள் இரட்டிப்பாகச் சேர்த்தது கெடவில்லை. ஆகவே சேமிப்பே தவறு என்று அங்கே சொல்லவில்லை. சொன்ன நாளில் சொன்ன அளவு சேர்ப்பதுதான் விஷயம்.

அழவும் சொற்கள் வேண்டும். திருப்பாடல் 13 ஆறே வசனம், அதில் "எவ்வளவு காலம்" என்ற கேள்வி நான்கு முறை. 88 இருளிலேயே முடிகிறது, அதையும் தயங்காமல் கொடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே பகுதி. தினம் ஒன்று மாற்றினால் வாசிப்பு ஆகும், செபம் ஆகாது.

நல்லசமாரியன்:

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் தூக்கம், பசி, எதிலும் ஆர்வம் எல்லாம் குலைந்திருந்தால் அதை ஆன்ம வறட்சி என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் இரண்டு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, அவரைத் தனியே விடவும் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று அன்பியத்தில் யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துப் பேசுங்கள்.

மாலைமணி:

மிக்க நன்றி. இன்னும் ஒன்று. முடிவே எடுக்காமல், இரண்டு நல்ல வழிக்கு நடுவில் நிற்பவருக்கு?

சிற்றாலயம்:

மனம் அமைதியாக இருக்கும் நாளில் ஒரு தாளை நான்காக மடிக்கச் சொல்லுங்கள்: போனால் நன்மை, போனால் பாதகம், போகாவிட்டால் நன்மை, போகாவிட்டால் பாதகம். எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், எது கனமானது என்று பார்க்கட்டும். பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வேன், சாகும் நேரத்தில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவேன் என்ற இரண்டையும் கேட்கட்டும். வந்த முடிவை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்து உறுதி கேட்கவேண்டும். பதில் சொல்லவேண்டிய கெடுவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே இதை முடித்தால், அந்த ஒரு வாரமும் ஆன்மச் சோதனை நோட்டில் என்ன வருகிறது என்று பார்க்கலாம். அமைதி நிலைத்தால் கையெழுத்துப் போடலாம். தொடர்ந்து கலக்கம் வந்தால் ஆன்ம வழிகாட்டியிடம் நோட்டோடு போகச் சொல்லுங்கள்.