சங்கரன்கோவில் வீடு (குழு): சம்பந்தி முகத்தில் என்ன?

காலை 7:12
செல்வி சித்தி: ராஜி அக்கா, நேற்று வீடியோவில் சாராவின் அப்பாவை, நம் சம்பந்தியைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நெற்றி, மூக்கு, வழுக்கை எல்லாம் சிவந்து பொருக்குத் தட்டியிருக்கிறது. அக்கியா?

வள்ளி அத்தை: அக்கி மாதிரித்தான் தெரிந்தது. இங்கே என்றால் குயவர் வீட்டில் காவி எழுதிவிடலாம்

முருகேசன் பெரியப்பா: ஒட்டுகிற நோய் என்றால் பந்தியில் எப்படி உட்கார வைப்பது? தேதியைத் தள்ளிவைப்போம்.

ராஜி: மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாச்சு அத்தான்

முருகேசன் பெரியப்பா: நான் அன்றைக்கே சொன்னேன்.

ராஜி: இப்போது அது எதற்கு

காலை 7:40
மீனா (பண்டபெர்க், ஆஸ்திரேலியா): அப்பா, சித்தி, அத்தை, எல்லோரும் கடைசிவரை படியுங்கள். அது அக்கி இல்லை. யாருக்கும் ஒட்டாது. டேவிட் மாமா பூசுகிற மருந்து செய்கிற வேலை அது. 40 வருடம் கரும்புக் காட்டில் தொப்பிகூட இல்லாமல் நின்ற வெள்ளைத் தோல். ‘சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை’ என்று இந்த ஊர் டிவியில் சொல்ல ஆரம்பித்ததே 1981-இல்தான். வெயில் தின்ற இடத்தில் சின்னச் சின்னச் செதிலாக வரும். போன மாதம் அவர் தலையைத் தொட்டுப் பார்த்தேன், உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. கண்ணைவிடக் கைக்குத்தான் நன்றாகத் தெரியும். பெரும்பாலானவை அப்படியே கிடக்கும், சில தானே மறையும், ஏதோ ஒன்று பின்னால் புற்றாக மாறலாம். எது மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அந்த இடம் முழுவதும் பூசச் சொல்கிறார்கள்.

வள்ளி அத்தை: ஐயோ கேன்சரா

மீனா: இல்லை அத்தை, ஆகாமல் தடுக்கத்தான்.

செல்வி சித்தி: மருந்து பூசினால் ஆறணும், இது புண்ணாகுதே?

மீனா: அதைத்தான் சொல்ல வந்தேன் சித்தி. மருந்து ஃபுளோரோயுராசில், 5 சதவீத கிரீம். தாறுமாறாகப் பெருகுகிற செல்லைத் தேடிக் கொல்லும், நல்ல தோலை அவ்வளவாகத் தொடாது. முதல் வாரம் லேசான சிவப்பு, இரண்டாவது மூன்றாவது வாரம்தான் பார்க்கச் சகிக்காது. இன்று 16-ஆம் நாள். 21-ஆம் நாள் நிறுத்திவிடுவார். அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் பொருக்கு உதிர்ந்து இளந்தோல் வந்துவிடும். நம் கறுத்த தோலுக்கு இது வருவது அரிது, அதனால்தான் நமக்குப் பார்த்துப் பழக்கமில்லை.

வள்ளி அத்தை: கற்றாழையும் மஞ்சளும் குழைத்துப் போடச் சொல்லு

மீனா: வேண்டாம் அத்தை. எரிச்சலுக்கு வாசலின் போதும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுப் பூனையைக்கூட மடியில் விடுவதில்லை. மருந்தை நக்கினால் பூனை, நாய் செத்தே போகும்.

மணி: ஆச்சி கேட்கிறாள், பூனை என்ன நிறம்?

செல்வி சித்தி: மணி, போனை அவளிடம் கொடுக்காதே

காலை 8:05
கார்த்திக்: எனக்கும் சாராவுக்கும் நடக்கிற கல்யாணத்துக்குள் ஆறிவிட வேண்டும் என்று நாள் எண்ணித்தான் மாமா ஆரம்பித்தார். நேற்று ஆச்சியைத் தவிர யாரும் அவரிடம் பேசவில்லை. சாரா ராத்திரி முழுக்க அழுதாள்.

செல்வி சித்தி: என்ன பேசுவது என்று தெரியவில்லை கார்த்தி. தப்புத்தான். சாராவிடம் நான் பேசுகிறேன்

ராஜி: விமலா வளைகாப்பில் உங்களுக்கு அக்கி வந்து தனி இலை போட்டார்களே அத்தான், எத்தனை நாள் வருத்தப்பட்டீர்கள்

(முருகேசன் பெரியப்பா ஒரு செய்தியை நீக்கினார்)

கார்த்திக்: தள்ளிவைக்கவும் முடியாது. ஜூனில் அங்கே ஆலை அரவை தொடங்கிவிடும். மாமாவால் நகர முடியாது.

மீனா: ஒன்று மட்டும். புதுத்தோலில் வைகாசி வெயில் படக்கூடாது. மாப்பிள்ளை அழைப்பு 4 மணிக்கு வேண்டாம்.

வள்ளி அத்தை: ஞாயிறு 4.30 முதல் 6 ராகுகாலம் வேறே

ராஜி: அப்படியானால் 6.15?

மணி: நாதஸ்வரக்காரர் 7 மணிக்குப் புளியங்குடி போகணுமாம். முன்பே சொல்லிவிட்டார்

செல்வி சித்தி: காரில் வந்து இறங்கச் சொல்லலாமே. குடை பிடிக்கலாம்

ராஜி: வெறும் காரிலா? ஊர் என்ன சொல்லும்

மணி: நான் அவரிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன்

வள்ளி அத்தை: தாம்பூலப் பைக்குத் தேங்காயா, கடலைமிட்டாயா? அதையும் இன்றைக்கே முடிவு பண்ணுங்கள்

காலை 9:31
முருகேசன் பெரியப்பா: அவருக்குக் கரும்பு எத்தனை ஏக்கர்?

கார்த்திக்: 150 பெரியப்பா

முருகேசன் பெரியப்பா: வெட்டுக்கு ஆள் கிடைக்கிறதா?

கார்த்திக்: எல்லாம் மெஷின்தான்

முருகேசன் பெரியப்பா: ஏக்கருக்கு எத்தனை டன் என்று கேள். வேண்டாம், இன்று சாயங்காலம் வீடியோ போடு, நானே கேட்கிறேன். மீனா, நீ கூட இருந்து மொழிபெயர்க்கணும்.

மீனா: சரிப்பா