தம்பி நேவில சேரப் போறானாம், சம்பளத்த நம்பிப் போகலாமா?

உப்புவெளிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். என்ட தம்பிக்கு 20 வயசு, ஏஎல் முடிச்சிட்டு ஒரு வருஷமா நிலாவெளில ஹோட்டல் ஒண்டுல நிக்கிறான், சீசன் நேரம் கையில காசு புழங்கும், நவம்பர் மழை தொடங்கினா வேலையும் இல்ல சம்பளமும் இல்ல. இப்ப நேவில சேரப் போறன் எண்டு ஒத்தக்கால்ல நிக்கிறான். மாசம் முடிய சம்பளம், சாப்பாடு தங்குமிடம் செலவில்ல, கடைசில பென்சன், இதுதான் அவன்ட கணக்கு. அம்மா ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடல்ல, ஏனெண்டு திருகோணமலை ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல. எனக்கு விளங்காதது வேற. எங்கட பக்கத்து வீட்டுச் சிங்கள அண்ணர் 12 வருஷம் நேவில இருந்திட்டு விட்டுட்டு கட்டாருக்குப் போயிட்டார். சம்பளம் நல்லமெண்டா ஏன் விட்டுட்டுப் போறாங்க, நல்லமில்லயெண்டா ஏன் இவ்வளவு பேர் சேருறாங்க? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

டொக்யார்ட்_பழசு:
தம்பி, நான் நேவிட டொக்யார்டுக்குள்ள சிவில் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன், யூனிஃபோம் போட்டதில்ல ஆனா சம்பளப் பேசீற்று கன வருஷம் பாத்தனான். 20 வயசுல தனிக்கட்டைக்கு அந்தச் சாப்பாடும் கட்டிலும் பெரிய காசு, சம்பளம் அப்படியே வீட்டுக்குப் போகும். கலியாணம் கட்டினாப் பிறகு கணக்கு மாறும், இவருக்கு முகாமுக்குள்ள சாப்பாடு இருக்கு, ஆனா மனுசி பிள்ளையள் குருநாகல்ல வாடகை வீட்டில, அங்க அரிசி பருப்பு தனியா வாங்கோணும், பிள்ளைக்கு டியூசன் காசு, லீவுக்குப் போய்வாற செலவு. அதே சம்பளம்தான், பெறுமதி பாதியாப் போயிடும். உங்கட அண்ணர் 12 வருஷத்தில வெளிக்கிட்டதும் அனேகமா அந்த வயசிலதான். இன்னொண்டு, பென்சனுக்கு 22 வருஷம் வேணும். 10, 12 வருஷத்தில விடுறவன் விடுவான், 15 தாண்டினவன் என்ன கஷ்டமெண்டாலும் பல்லக் கடிச்சுக்கொண்டு இருப்பான், 22 முடிஞ்ச அண்டைக்கு நல்ல கைவேலை தெரிஞ்ச ஆள் முதல் ஆளாப் போயிடுவான். இஞ்சின் றூம் மெக்கானிக்மார் அப்படிப் போறத என்ட கண்ணால கண்டனான், அந்தத் தொழில் அறிவுக்குத் திரும்ப ஆள் பழக்க எத்தின வருஷம் வேணும்!

பொருளியல்_டீச்சர்:
ஐயா சொன்னது சரி. ஒருத்தன் பாக்கிறது சம்பளத் தொகைய இல்ல, அதே வயசில அதே படிப்போட வெளியில என்ன கிடைக்கும் எண்டதைத்தான். உப்புவெளித் தம்பிக்கு வெளியில சீசன் வேலை, அதால முகாம் சம்பளம் பெருசாத் தெரியுது.
அமெரிக்காவில கட்டாய ஆள்சேர்ப்ப 1973ல விட்டாப் பிறகு சந்தையோட போட்டி போட்டுத்தான் ஆள் எடுக்கிறாங்க. 2022ல 60,000 பேர் தேவைப்பட்ட ஆமிக்கு 15,000 பேர் குறைஞ்சு போச்சு, வெளியில வேலை தாராளமாக் கிடந்த நேரம் அது. பிறகு 2025ல கீழ்நிலை ஆக்களுக்கு மொத்தம் 14.5 வீதம் சம்பளம் கூட்டினாங்க. ஆனா அதுக்கு முதலே 2024ல 55,000 எண்ட இலக்க எட்டீற்றாங்க, ஏனெண்டா 2022ல இருந்தே படிப்பிலயும் உடம்பிலயும் கொஞ்சம் குறைஞ்ச பிள்ளையளுக்குச் சேர முதல் பயிற்சி குடுக்கத் தொடங்கினவங்க. காசால மட்டும் வந்த வெற்றி இல்ல அது. இந்தியால 2022ல கொண்டுவந்த அக்னிபாத் எண்ட படை ஆள்சேர்ப்புத் திட்டத்தில மாசம் 30,000 ரூபாயில தொடங்குது, நாலு வருஷம் முடிய 25 வீதம் பேரத்தான் வச்சிருப்பாங்க, மற்றாக்களுக்கு 11.71 லட்சம், பென்சன் இல்ல. பென்சன் செலவ மிச்சப்படுத்துற வழிதான், ஆனா 22 வயசில வீட்டுக்கு அனுப்புற பிள்ளை திரும்ப முதல்ல இருந்து வேலை தேடோணும், அது எனக்கு மனசுக்கு ஒப்பேல்ல.

மூதூர்_மச்சான்:
22 வருஷம் முடிஞ்சு வாறவங்கள மறந்திடாதீங்க. 20ல சேந்தா 42 வயசு, பிள்ளையள் பள்ளிக்கூடம், பென்சன மட்டும் வச்சுக் குடும்பம் ஓட்டேலாது. 2024ல எங்கட நாட்டு ரிட்டயர் ஆமிக்காரர் ரஷ்யா உக்ரைன் சண்டைக்குப் போய்ச் செத்தது இதாலதான், மாசம் டொலர்ல சம்பளம் எண்டு ஏஜென்ற்மார் ஏமாத்தினாங்க, அந்த மே மாசம் அரசாங்கமே 16 பேர் செத்ததாச் சொன்னது. சம்பளக் கணக்கில இதையும் சேக்கோணும். அதோட 2,00,000 பேருக்கான ஆமிய 2030ல ஒரு லட்சமாக் குறைப்பம் எண்டு 2023ல அறிவிச்சவங்க. அது ஆமிக்குத்தான், எண்டாலும் படையில பதவி உயர்வு பழைய மாதிரி வரும் எண்டு நம்பிப் போகாதீங்க.

சம்பல்தீவு_அக்கா:
நீங்க எல்லாரும் காசப் பத்திக் கதைக்கிறீங்க, அந்தத் தாயின்ட பயத்தப் பத்தி ஒருத்தரும் சொல்லேல்ல. 1960ல இருந்து 1970 வரைக்கும் நேவிக்குக் கமாண்டரா இருந்தவர் ராஜன் கதிர்காமர், தமிழர்தான். அப்ப அது ஆச்சரியமான விசயமில்ல. இப்ப எங்கட பிள்ளை ஒண்டு சேர நினைச்சா வீடே அழுது, இடையில நடந்ததுகள் அப்படி. சம்பளத்தக் கூட்டினா தமிழ்ப் பிள்ளையளும் வருவாங்க எண்டு நினைக்கிறவங்க, கட்டளை எந்த மொழில வருது, லீவில ஊருக்குள்ள வாற பிள்ளைய ஊர் எப்படிப் பாக்கும் எண்டதையும் யோசிக்கோணும். தம்பி போகக்கூடாதெண்டு நான் சொல்லமாட்டன், ஆனா பசிக்காகப் போறானா விருப்பத்தில போறானா எண்டு தனியா இருத்திக் கேளுங்கோ.

உப்புவெளிக்காரன்:
அக்கா, கேட்டன். இஞ்சின் வேலை பழக விருப்பமாம், சின்னனில இருந்தே போட் மோட்டரக் கழட்டிப் பூட்டுறவன்தான், நாந்தான் அதக் கவனிக்கேல்ல. அப்ப என்விகியூ எண்ட தொழிற்பயிற்சிக் கோர்ஸ் ஒண்ட முதல்ல செய்விப்பம் எண்டு அம்மாவும் சொல்லுறா, இண்டைக்குத்தான் சோறு திண்டவ. ஐயா, டெக்னிக்கல் பக்கம் சேருறதெண்டா அந்தச் சேர்ட்டிபிக்கற் உதவுமா? உதவுமெண்டா கோர்ஸ் முடியுமட்டும் பொறுக்கிறனெண்டு சொல்லுறான்.