மீட்டர் போர்டில் நியூட்ரல் வயர் திரும்பத் திரும்பக் கருகுகிறது: அலுமினியம்-காப்பர் ஜாயின்ட்தான் காரணமா?

பரங்கிப்பேட்டை_வாசி

வணக்கம். எங்கள் வீடு கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. மீட்டரிலிருந்து மெயின் ஸ்விட்ச் பக்கம் வருவது பழைய அலுமினிய வயர், ஒரு இரண்டடி இருக்கும். வீட்டுக்குள் வயரிங்கைப் புதுப்பித்தபோது 6 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர் இழுத்து, அந்த அலுமினியத் துண்டோடு போர்டுக்குள் முறுக்கி, டேப் சுற்றிவிட்டார்கள்.

கீசர் போட்டால் லைட் மங்குகிறது. கூடவே மிக்ஸியும் ஓடினால் மினுக்குகிறது. பிளாஸ்டிக் கருகிய வாடை வந்ததால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். திறந்து பார்த்தால் நியூட்ரல் ஜாயின்டில் டேப் உருகியிருக்கிறது, அலுமினியக் கம்பி மேல் வெள்ளையாகப் பொடி, காப்பர் கன்னங்கரேலென்று இருக்கிறது. அவர் கருகிய நுனியை வெட்டிவிட்டு மறுபடி முறுக்கிக் கொடுத்தார். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. மழை ஆரம்பித்ததும் பழைய கதைதான்.

என் சந்தேகங்கள்: அலுமினியமே மட்டமான உலோகமா, எல்லாவற்றையும் காப்பர் ஆக்க வேண்டுமா? இவ்வளவு கருகியும் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) ஒரு தடவைகூட ஏன் விழவில்லை? "அலுமினியம்னா அப்படித்தான் சார், ஆறு மாசத்துக்கு ஒருதரம் டைட் பண்ணிக்கணும்" என்கிறார் எலக்ட்ரீஷியன். இது சரியா?

செம்புக்கட்சி

சந்தேகமே வேண்டாம், காப்பர்தான். அலுமினியம் எல்லாம் காசு மிச்சம் பிடிக்கப் போடுவது. பிடுங்கிப் போடுங்கள்.

ஒயர்மேன்_கடலூர்

செம்புக்கட்சி அண்ணே, உங்கள் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் போகிற லைன் என்னவாம்? அலுமினியம்தான். பெரிய கோபுரங்களில் போகிற உயர் அழுத்தக் கம்பியும் நடுவில் எஃகு வைத்து, சுற்றி அலுமினியம் பின்னியதுதான். காசு மட்டும் காரணமில்லை, எடையும்தான். காப்பரின் அடர்த்தி கன செ.மீ.க்கு 8.96 கிராம், அலுமினியம் 2.7. மின்கடத்தும் திறனில் அலுமினியம் காப்பரில் சுமார் 61 சதவீதம். அதனால் அதே மின்சாரத்துக்குக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பை 1.6 மடங்காகப் போட வேண்டும், அப்படிப் போட்டும் எடை பாதிதான் வரும். காப்பரில் அந்த லைனை இழுத்தால் கம்பங்களை இன்னும் நெருக்கி நட வேண்டியிருக்கும்.

பரங்கிப்பேட்டை சார், உங்கள் பிரச்சினை அலுமினியமும் இல்லை, காப்பரும் இல்லை. இரண்டையும் நேரடியாக முறுக்கியதுதான். அதை யாரும் செய்யக் கூடாது.

முதலில் ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்கள். கீசரை ஓட விட்டு, ஜாயின்டின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல ஜாயின்டில் மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கும். கரண்ட் இருக்கும்போது எடுக்கிற அளவு இது, எலக்ட்ரீஷியன்தான் எடுக்க வேண்டும். நீங்கள் கை வைக்காதீர்கள்.

பரங்கிப்பேட்டை_வாசி

அளந்தாயிற்று. 2 கிலோவாட் கீசர் ஓடும்போது நியூட்ரல் ஜாயின்டில் 4 வோல்ட், ஃபேஸ் ஜாயின்டில் 0.9 வோல்ட். இது அதிகமா?

ஒயர்மேன்_கடலூர்

ரொம்ப அதிகம். 230 வோல்டில் 2 கிலோவாட் என்றால் சுமார் 8.7 ஆம்பியர். அதை 4 வோல்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட 35 வாட். ஒரு சால்டரிங் அயர்னை ஆன் செய்து டேப்புக்குள் வைத்துச் சுற்றிய மாதிரி. ஃபேஸ் ஜாயின்டிலும் 8 வாட் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட்தான், நியூட்ரல் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். அடுத்தது ஃபேஸ் ஜாயின்ட்தான்.

எம்சிபி ஏன் விழவில்லை என்று கேட்டீர்கள். எம்சிபி பார்ப்பது கரண்ட் அளவை. மோசமான ஜாயின்ட் கரண்டைக் கூட்டாது, சொல்லப்போனால் கொஞ்சம் குறைக்கும். அதனால் எம்சிபிக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தெரியும். கரண்ட் எங்கும் கசியவும் இல்லை என்பதால், கசிவைக் கண்டு அணைக்கும் ஆர்சிசிபியும் விழாது. சூடு மட்டும் அங்கேயே ஏறிக்கொண்டே இருக்கும். சரிசெய்கிற வரை கீசரைப் போடாதீர்கள்.

த்ரீ ஃபேஸ் வீட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு மெயின் நியூட்ரல் விட்டுப்போனால் லைட் மங்குவதோடு நிற்காது. ஒரு ஃபேஸில் 230-க்கு மேல் எகிறி, டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் போய்விடும்.

தனிம_டீச்சர்

அந்த வெள்ளைப் பொடியைப் பற்றி நான் சொல்கிறேன், பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன்.

அலுமினியத்தைச் சுரண்டியவுடனே காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேல் ஒரு ஆக்சைடு படலம் போட்டுவிடும். சில நானோமீட்டர் தடிமன்தான் இருக்கும். அலுமினியம் உள்ளே மேலும் அரிக்காமல் காப்பாற்றுவது அந்தப் படலம்தான். ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தாது. உலோகம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், படலமோ 2,000 டிகிரியைத் தாண்டித்தான் உருகும், அவ்வளவு பிடிவாதம். காப்பர் மேலும் ஆக்சைடு வரும், கருப்பாகும், ஆனால் அது இந்த அளவுக்குத் தடை போடுவதில்லை, ஸ்க்ரூவை இறுக்கினால் உடைந்து வழிவிடும். வீட்டுக்குள் நூறு இடத்தில் இணைப்பு வரும் வேலைக்குக் காப்பரை விரும்புவதற்கு இது முக்கியமான காரணம்.

இரண்டாவது விஷயம் உங்கள் ஊர்க் காற்று. திட்ட மின்முனை அழுத்தம் என்று பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். காப்பருக்கு +0.34 வோல்ட், அலுமினியத்துக்கு -1.66 வோல்ட். இரண்டையும் தொட வைத்து, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அங்கே ஒரு மின்கலம் உண்டாகிவிடுகிறது. அதில் கரைந்து போவது எப்போதும் அலுமினியம்தான். அந்தப் பொடி அலுமினியத்தின் ஹைட்ராக்சைடும் ஆக்சைடும் கலந்தது. மழை ஆரம்பித்ததும் திரும்ப வந்தது என்றீர்களே, ஈரம் இல்லாமல் இது நடக்காது.

ஓய்வு_லைன்

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். டீச்சரம்மா சொன்னது இரண்டு. மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் "ஆறு மாசத்துக்கு ஒருதரம் டைட்" என்பதற்கான பதில்.

அலுமினியம் மெத்தென்ற உலோகம். ஸ்க்ரூ வைத்து இறுக்கினால், அழுத்தம் தாங்காமல் காலப்போக்கில் பிதுங்கி நகரும். அதோடு சூடேறினால் காப்பரை விட அதிகமாக விரியும். ஒரு மீட்டர் கம்பி 100 டிகிரி சூடேறினால் அலுமினியம் 2.3 மி.மீ. நீளும், காப்பர் 1.7 மி.மீ. தினமும் கீசர் போட்டு அணைக்கும்போது விரிந்து சுருங்கி, பிடி தளரும். தளர்ந்தால் இன்னும் சூடு, இன்னும் தளர்ச்சி. அதை மேலும் மேலும் இறுக்கினால் இன்னும் பிதுங்கி, இழைகள் நசுங்கி அறுந்துதான் போகும். ஆகவே தம்பி, டைட் பண்ணுவது வைத்தியம் இல்லை.

இது நம் ஊரில் மட்டும் வந்ததில்லை. காப்பர் விலை ஏறியதால் அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரை நிறைய வீடுகளுக்கு உள்ளேயே அலுமினிய வயர் போட்டார்கள். ஸ்விட்ச், பிளக் இணைப்புகளில் தீப்பிடித்துப் பெரிய பிரச்சினை ஆனது. கம்பி நடுவில் எங்கும் கருகவில்லை, கருகியதெல்லாம் இணைப்புகளில்தான்.

செய்ய வேண்டியது: அலுமினியமும் காப்பரும் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் பைமெட்டாலிக் லக் (இரண்டு உலோகத்தில் செய்த வயர் முனை) என்று கிடைக்கும். குழல் பக்கம் அலுமினியம், பட்டை பக்கம் காப்பர், இரண்டையும் தொழிற்சாலையிலேயே உராய்வு வெல்டிங்கில் ஒட்டியிருப்பார்கள். அலுமினியக் கம்பியை வயர் பிரஷ்ஷால் தேய்த்த கையோடு ஜாயின்டிங் பேஸ்ட் தடவ வேண்டும், டீ குடித்துவிட்டு வந்து தடவினால் படலம் மறுபடி வந்திருக்கும். அப்புறம் சரியான அளவு டையில் (கருவியின் அச்சில்) வைத்து அழுத்திக் கிரிம்பிங் செய்ய வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. வெட்டவெளியில் இருந்தால் அலுமினியம் மேலே, காப்பர் கீழே வருகிற மாதிரி வையுங்கள். காப்பர் மேல் வழிந்த தண்ணீர் அலுமினியத்தில் சொட்டினால் அரித்துக் குழி விழும்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு இத்தனையும் வேண்டியதே இல்லை. இரண்டடித் துண்டுதானே? அதை எடுத்துவிட்டு மீட்டரிலிருந்தே காப்பரைக் கொண்டுவந்தால் ஜாயின்டே இருக்காது. மீட்டர் டெர்மினல் மூடியில் சீல் இருக்கும், அதை உங்கள் எலக்ட்ரீஷியன் உடைக்கக் கூடாது. பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, எங்கள் ஆட்களை வைத்தே செய்யுங்கள்.

செம்புக்கட்சி

பார்த்தீர்களா, கடைசியில் காப்பர்தான்!

ஒயர்மேன்_கடலூர்

உங்களைத் திருத்த முடியாது அண்ணே. கம்பத்திலிருந்து மீட்டர் வரை அலுமினியம் அப்படியேதான் இருக்கப் போகிறது.

கோவை_மோட்டார்

இடையில் ஒரு கேள்வி. கிணற்று மோட்டார் வாங்கப் போகிறேன். அலுமினிய வைண்டிங் போட்டது விலை குறைவு என்கிறார்கள். அதற்கும் இதே கதைதானா?

ஒயர்மேன்_கடலூர்

கொஞ்சம் வேறு. மோட்டாருக்குள் கம்பி சுற்றும் பள்ளமான ஸ்லாட்டில் இடம் அளவானது. அதே இடத்தில் அலுமினியம் போட்டால் தடை கூடி, சூடு கூடும். சரியாகச் செய்யும் கம்பெனி அதற்கேற்ப மோட்டாரின் உடம்பைப் பெரிதாக்கியிருக்கும். உங்கள் ஊரில் வோல்டேஜ் குறைவு என்றால் காப்பரே எடுங்கள். லோ வோல்டேஜில் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், அப்போது அந்த வித்தியாசம் தெரியும். ரீவைண்டிங் கடைக்காரரும் காப்பர் என்றால்தான் சலிக்காமல் கை வைப்பார். பழசைப் போட்டாலும் காப்பருக்கு நல்ல விலை கிடைக்கும்.

நாகை_குளிர்ச்சி

கடலோரத்தில் ஏசி வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். காப்பர் குழாய், அதைச் சுற்றி அலுமினியத் தகடு, இதுதான் பெரும்பாலான அவுட்டோர் யூனிட். டீச்சர் சொன்ன அதே மின்கலம் அங்கேயும் உண்டு. தகடு பொடிப் பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். மேலே பூச்சு கொடுத்த காயில் (அந்தக் குழாயும் தகடும் சேர்ந்த பகுதி) உள்ளதாக வாங்குங்கள், அவ்வப்போது நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிடுங்கள். முழுக்க அலுமினியத்தில் செய்த காயிலும் வருகிறது, அதில் இந்தச் சண்டை குறைவு. ஆனால் ஓட்டை விழுந்தால் காப்பரைப் போல லேசாக பிரேஸிங் (பற்றவைப்பு) வைக்க முடியாது, பல மெக்கானிக்குகள் காயிலையே மாற்றச் சொல்லிவிடுவார்கள்.

பரங்கிப்பேட்டை_வாசி

வேலை முடிந்தது. பிரிவு அலுவலகத்திலிருந்து வந்து சீலைத் திறந்து, பழைய துண்டை எடுத்துவிட்டு, மீட்டரிலிருந்து மெயின் ஸ்விட்ச் வரை 6 ஸ்கொயர் காப்பரை ஒரே நீளமாகப் போட்டு மறுபடி சீல் வைத்தார்கள். கீசரும் மிக்ஸியும் சேர்ந்து ஓடினாலும் லைட் அசையவில்லை. மெயின் ஸ்விட்ச் டெர்மினலில் அளந்தபோது மில்லிவோல்ட்தான் காட்டியது. ஓய்வு_லைன் ஐயா, ஒயர்மேன் அண்ணே, டீச்சர், எல்லோருக்கும் நன்றி.

ஒன்றே ஒன்று. புதிய வயர் கடையில் வழக்கத்தை விட விலை குறைவாகக் கிடைத்தது. அசல் காப்பர்தானா என்று எப்படிப் பார்ப்பது?

ஒயர்மேன்_கடலூர்

மிச்சத் துண்டு இருக்கிறதா? காப்பர் பூசிய அலுமினியம் என்று ஒன்று சந்தையில் ஓடுகிறது, வெளியே பார்க்கச் சிவப்பாகத்தான் இருக்கும். ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். இன்னும் சந்தேகம் என்றால் மெல்லிய இழை ஒன்றை இடுக்கியில் பிடித்து லைட்டர் நெருப்பில் காட்டுங்கள். காப்பர் சிவந்து நிற்கும், உருக அதற்கு 1,085 டிகிரி வேண்டும். அலுமினியம் என்றால் துவண்டு சுருண்டுவிடும். எடையிலும் தெரியும், போலிச் சுருளைக் கையில் தூக்கினாலே லேசாக இருக்கும்.

பரங்கிப்பேட்டை_வாசி

சுரண்டிப் பார்த்தேன், உள்ளேயும் சிவப்புதான். நெருப்பிலும் அப்படியே நின்றது. பில்லையும் எடுத்து வைத்துவிட்டேன்.