கணையம் அகற்றிய பின் சர்க்கரை திடீரெனக் குறைகிறது: இன்சுலினை நிறுத்தலாமா?

கேள்வி:
என் தந்தைக்குக் கணையம் முழுவதும் அகற்றப்பட்டது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சாப்பிட்ட பிறகும் சில வேளைகளில் சர்க்கரை 60 மி.கி.க்குக் கீழே இறங்கிவிடுவது அச்சமூட்டுகிறது. இன்சுலினை நிறுத்திவிடலாமா?

பதில் 1:
தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கணையமே இல்லாதவருக்கு இன்சுலின் நின்றால் இரத்தத்தில் கீட்டோன்கள் (கொழுப்பு உடையும்போது உருவாகும் அமிலப் பொருள்கள்) பெருகி உயிருக்கே ஆபத்தாகும். கணையம் இன்சுலினை மட்டுமன்றி, சர்க்கரை குறையும்போது கல்லீரலின் சேமிப்பிலிருந்து அதை வெளிக்கொணரும் குளுக்ககானையும் சுரக்கிறது என்பதால், இரண்டையும் இழந்த உடலில் இன்சுலின் சற்றே கூடினாலும் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அளவைத் திருத்த மருத்துவரிடம் இன்றே பேசுங்கள்.

பதில் 2:
கணையம் சுரந்த செரிமான நொதிகளுக்கு ஈடாகத் தரப்படும் நொதி மருந்தை ஒவ்வொரு வேளை உணவோடும் எடுக்கிறாரா? அது போதாவிட்டால் உண்டது சரியாக உறிஞ்சப்படாது. ஆனால் அந்த உணவுக்கெனப் போட்ட இன்சுலின் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். எண்ணெய்ப் பசையுள்ள மலமும் எடைக்குறைவும் இதற்கான அறிகுறிகள்.

பதில் 3:
70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடங்கள் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அளவு குறையும்போது ஒலியெழுப்பி எச்சரிக்கும் தொடர் குளுக்கோஸ் சென்சார் பற்றியும், அவசரத்துக்கான குளுக்ககான் மருந்து பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.