மலை ஓடையில் பார்த்து, பெயர் பிடிபடாமல் போன மீன் எது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஓடைமணல்:
பவானியின் தலைப்பகுதியில் ஒரு கிளை ஓடை. அனுமதி வாங்கிக் கணக்கெடுக்கப் போன குழுவில் இருந்தேன். கல்லொட்டிகள் வழக்கம்போல நிறைய. ஆனால் தண்ணீர் அறைந்து விழும் பாறையிலேயே விரல் நீளத்துக்கு ஒன்று அசையாமல் இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் விட்டதும் பக்கச் சுவரில் ஒட்டி வயிற்றைக் காட்டியது. கல்லொட்டிக்குத் தாடைக்கு அடியில் இருக்குமே, அந்த வட்டத் தட்டு இதற்கு இல்லை! மார்புத் துடுப்பும் இடுப்புத் துடுப்பும் விசிறியாக விரிந்திருந்தன, அவற்றால்தான் ஒட்டியிருந்தது. படம் எடுப்பதற்குள் துள்ளி ஓடையில் விழுந்துவிட்டது. அந்த வயிறு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கூழாங்கல்:
சந்தேகமே வேண்டாம், பவானியா ஆஸ்ட்ராலிஸ். அந்தப் பேரினத்துக்கு மீனியல் அறிஞர் ஹோரா 1920இல் பெயர் வைத்ததே உங்கள் ஆற்றை வைத்துத்தான். என்னை உறுத்துவது அயிரை. மணலுக்குள் இருந்த ஒன்றை எடுத்தேன், விரலில் சுருக்கென்றது. கண்ணுக்குக் கீழே முள். அதே இடத்தில் பிடித்த இன்னொன்றும் அயிரை என்றே கூட வந்தவர்கள் சொன்னார்கள். உடம்பில் பட்டை பட்டையாக இருந்தது, தடவிப் பார்த்தால் முள் இல்லை. அது கண்ணடி முள் இல்லாத அயிரைகளின் நெமாகைலிடே குடும்பம், எந்தச் சிற்றினம் என்றுதான் தெரியவில்லை.

மேல்நீர்:
கூழாங்கல், 'சந்தேகமே வேண்டாம்' என்பதை ஏற்க முடியாது. அதே குடும்பத்தின் இன்னொரு பேரினமான பாலிடோராவுக்கும்தான் தட்டு கிடையாது. படம் இல்லாதபோது குடும்பத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

என் கதை சின்னது. ஒரே கூட்டத்தில் பட்டை போட்ட குட்டிகளும், வாலருகே ஒற்றைக் கரும்புள்ளி கொண்ட பெரியவையும் ஒன்றாக நீந்தின. இரண்டும் டாகின்சியா ஃபிலமென்டோசாதான் என்று பிறகு புரிந்தது, வளர வளரப் பட்டை மறைந்துவிடும்.

அப்புறம், இனி போகிறவர்களுக்கு: பக்கவாட்டுப் படம் மட்டும் போதாது. துடுப்புகள் விரிந்த நிலையில் ஒன்று, வாயின் அடிப்பக்கம் ஒன்று, அளவுகோலோடு ஒன்று. மீசைகளை எண்ணுங்கள், உடம்பின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் பக்கக்கோட்டுச் செதில்களை எண்ணுங்கள். ஃபார்மலினில் போட்டால் நிறம் போய்விடும், ஆகவே உயிரோடு இருக்கும்போதே நிறத்தைக் குறித்துவிடுங்கள். டிஎன்ஏ பார்க்கத் துடுப்பின் சிறு துண்டு எத்தனாலில் இருக்கவேண்டும், ஃபார்மலின் டிஎன்ஏவையும் கெடுக்கும். எந்த ஆற்றுப்படுகை என்று எழுதாத குறிப்பு பாதிக் குறிப்புதான். துடுப்பு விரிந்த படம் எதற்கு என்றால், சஹ்யாட்ரியா பேரினத்தின் டெனிசோனியையும் சாலக்குடியென்சிஸையும் பாருங்கள்: இரண்டுக்கும் அதே சிவப்புக் கோடு, அதே கருங்கோடு. பின்னதற்கு முதுகுத் துடுப்பில் ஒரு கரும்புள்ளி. அதைப் பார்க்காமல் பெயர் எழுதாதீர்கள்.

ஆழ்மடு:
ஓடைமணல் கதை சொல்லத்தானே கேட்டார், மேல்நீர்? இவ்வளவு பாடம் வேண்டுமா? சரி, என்னுடையது மோயாறு. பாலத்திலிருந்து பார்த்தேன், மடுவில் ஒரு பெரிய பூமீன் கெண்டை, அதாவது மாஸீர், புரண்டது. ஒரு நொடி ஆரஞ்சுத் துடுப்பு. காவிரிப் படுகையின் கூன்முதுகு மாஸீர், டோர் ரெமாதேவியாகத்தான் இருக்கவேண்டும். 2018இல்தான் அதற்கு அந்த அறிவியல் பெயர் உறுதியானது, அதே ஆண்டு மிக அருகிய இனப் பட்டியலிலும் சேர்ந்தது. வெளியிலிருந்து காவிரியில் கொண்டுவந்து விட்ட டோர் குத்ரிக்கு நீலத் துடுப்பு. நான் கண்டது ஆரஞ்சுதான், சாயங்கால வெயில் காட்டிய நிறம் இல்லை. கூட நின்றவர் நீலம் என்கிறார். இன்றுவரை இருவரும் ஒத்துப்போகவில்லை. மோயாற்றில் அண்மையில் யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.