'திரிபு'க்குப் பதில் 'கால்வழி': ஹெச்பிவி 16 குறித்து

> மனிதப் பாப்பிலோமா வைரஸின் (ஹெச்பிவி) வேரியன்ட் எல்லாவற்றுக்கும் 'திரிபு' என்றே வைத்துவிடலாமே. கொரோனா காலத்தில் பழகிய சொல்தானே.

பழகிய சொல்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி எழுத உட்கார்ந்தால் அது காலை வாரிவிடுகிறது.

அந்தப் புற்றுக்குக் காரணமான இந்த வைரஸில் வேற்றுமை படிப்படியாக வருகிறது. வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான எல்1 மரபணு, நெருங்கிய உறவு வைரஸிலிருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் தனி வகை. 16, 18 என்று எண் கிடைக்கும். (இப்புற்றில் ஏறத்தாழ 70 விழுக்காடு இவ்விரண்டின் கைவரிசை.) ஒரே வகைக்குள் மொத்த மரபணுத் தொகுதியும் 1 முதல் 10 விழுக்காடு விலகினால் ஏ, பி, சி, டி என்ற பிரிவுகள். அதற்கும் கீழே, அரை விழுக்காட்டிலிருந்து, ஏ4, டி2 போன்ற உட்பிரிவுகள். நாம் பெயர் தேடுவது இந்தக் கீழ்ப்படிகள் இரண்டுக்கும்.

'திரிபு' என்றதுமே மூலம் ஒன்று இருந்து கெட்டதாக ஆகிவிடுகிறது. பால் திரிந்தது என்கிறோம். பொற்குடத்தில் 'ற்' திரிபு என்றால், அதற்கு முன்னே 'பொன்' இருக்கிறது. ஹெச்பிவி 16இல் பொன் எது? ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் ஏ1 முதலில் படித்தெடுக்கப்பட்டது, அவ்வளவே. டி அதன் பிள்ளையல்ல, பங்காளி.

இன்னொரு சங்கடம். 'திரிபால் புற்று' என்று எழுதினால், வைரஸ் மாறி மாறித்தான் புற்றை உண்டாக்குகிறது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். 2017இல் வெளியான ஆய்வில் 5,570 ஹெச்பிவி 16 மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டார்கள். புற்று வந்தவர்களிடம் ஈ7 மரபணு கிட்டத்தட்ட அச்சு மாறாமல் இருந்தது. மாற்றங்கள் புற்று வராதவர்களிடம்தான் கூடுதல். செல் பெருக்கத்துக்குக் கடிவாளமான ஆர்பி புரதத்தை முடக்க ஈ7 அப்படியே இருந்தாக வேண்டும் போலும். அதேசமயம் டி2, டி3 தொற்றினால் சுரப்பித் திசுப் புற்றுக்கான அபாயம் ஏ1ஐ விடப் பல மடங்கு. இதைச் சொல்ல வம்சத்தைச் சுட்டும் சொல் தேவை. ஏ, பி, சி, டிக்குக் 'கால்வழி', ஏ4, டி2க்குக் 'கிளைவழி' என்பது என் முன்மொழிவு.

> ஈ6 என்ற இன்னொரு மரபணுவில், 350ஆம் இடத்தில் தைமின் என்ற டிஎன்ஏ எழுத்து போய்க் குவானின் வருகிறதே, அதுவும் கால்வழியா?

இல்லை, அது ஒற்றை எழுத்து. அதனால் புரதத்தின் 83ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் போய் வாலின் வருகிறது. அங்கே வேண்டுமானால் 'திரிபு' இருக்கட்டும், சண்டைக்கு வரமாட்டேன். 'கிளைவழி'தான் எனக்கே முழுநிறைவாக இல்லை. 'உட்கால்வழி' என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கு இடறுகிறது. வேறு தோன்றினால் எழுதுங்கள்.